பின்சீட் இல்லாத கார்

"நிண்டு பாத்து வாங்குற ஆக்கள், வாங்கின பொறகு நிண்டுகிட்டேதான் ஈக்கணும்" என்பார் தாத்தா. உடுப்பைப் பற்றித்தான் சொல்வார். ஆனால் அவர் எதைப் பற்றிச் சொன்னாலும் கேட்கிறவன் வீட்டுக்குப் போய் வேறு எதையாவது யோசித்துக்கொண்டு படுத்திருப்பான்.

தாத்தா என்றதும் வெள்ளை மீசையை நினைத்துவிடாதீர்கள். கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நான் மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்தவன். எங்களுக்குத் தாத்தா என்றால் அம்மாவைப் பெற்றவர். "தங்கச்சிக்கு மடவளையில ஒரு தாத்தா ஜாக்கெட் தைக்கிறாங்க" என்று வீட்டில் சொன்னபோது, "பாவம், இந்த வயசுல அந்த மனுசனுக்கு ஊசியில நூல் கோக்கக் கண்ணு தெரியுதா?" என்று அம்மா வருத்தப்பட்டார்.

தாத்தாவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். வீட்டின் முன்னறைதான் தையல் கடை. நாலைந்து மிசின், வேலைக்கு மூன்று பெண்கள், சுவரோடு ஆளுயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு ஒரு திரை போட்டிருப்பார். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே கண்ணாடிக்குப் போக யாருக்கும் அனுமதியில்லை. முதலில் பாயில் குந்த வேண்டும். குந்தி, கையை முன்னால் நீட்ட வேண்டும். கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரு சஹன் தட்டைச் சுற்றி இருந்து சோறு எடுப்பார்களே, அப்படி, தட்டு நடுவில் கடைசித் துண்டு இறைச்சி கிடப்பதாக நினைத்துக்கொண்டு நீட்ட வேண்டும். முதுகில் பிடித்தால் பிரித்துத் தைப்பார். எல்லாம் சரியென்றால்தான் திரை விலகும்.

என் தங்கச்சி பல்லேகலயில் வேலைக்குப் போகிறவள். அவளிடம் சஹன் கேட்கவில்லை. "பஸ்ஸுல நிண்டா போற, குந்தியா போற?" என்று கேட்டார்.

"எங்க தாத்தா குந்துறது? கம்பியைப் பிடிச்சிக்கிட்டுத் தொங்குறதுதான்."

"அப்ப தொங்கு."

நிலைப்படியின் மேல் சட்டத்தைப் பிடித்துத் தொங்க வைத்து, "டிரைவர் பிரேக் போடுறான்" என்று இடுப்பில் ஒரு தள்ளுத் தள்ளினார். தங்கச்சி சிரித்துக்கொண்டே ஆடினாள். அக்குள் தையல் 'டர்' என்றது. "பாத்தியா, இது இங்க கிழிஞ்சது நல்லம்" என்று அந்த இடத்திலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்.

எதையும் அதனுடைய கஷ்டமான நாளில் வைத்துப் பார்ப்பதுதான் அவர் குணம். ஒரு நாள் நான் புதுக் குடையோடு போனேன். வெளியே நல்ல வெயில். கையிலிருந்து வாங்கி, விரித்து, வேலை செய்யும் பெண்ணிடம் கொடுத்து மொட்டை மாடிக்கு ஏற்றினார். காற்று ஒரே அடியில் குடையைத் தாமரைப் பூவாக்கிவிட்டது. "கடைக்குள்ள விரிக்கிறது குடையில்ல தம்பி" என்று எலும்புக்கூட்டை என்னிடம் தந்தார். கோபப்பட வேண்டும்தான். ஆனால் கையோடு இஞ்சி போட்ட பிளேன்டீயும் சக்கரைத் துண்டும் வந்துவிட்டது. அதற்குமேல் ஒரு மனுசன் எப்படிக் கோபப்படுவது?

நான் அப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு கார் சேலில் வேலை பார்த்தேன். பழைய கார்களைக் கழுவித் துடைத்து நிற்க வைத்து, வருகிறவர்களிடம் நல்ல வார்த்தை பேசி அனுப்புகிற வேலை. வெளிநாட்டு வாகனம் வருவது நின்றுபோயிருந்த காலம். ஊரில் கிடந்த பழைய கார்களெல்லாம் திடீரென்று வெளிநாட்டு மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றன. அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பின்னேரம் தாத்தா வந்து இறங்கினார்.

"தம்பி, ஒரு கார் வேணும். நாளாந்தம் ஓட."

அவருக்கு ஏன் கார் என்று எனக்குத் தெரியும். அவருடைய வீட்டுக்காரர் தனியார் பஸ் ஓட்டினவர். கண்டிக்கும் கொழும்புக்கும் இடையில் அவர் பிரேக் போடாத வளைவே இல்லை. மீசையை முறுக்கிவிட்டு, பக்கத்துப் பஸ்காரனோடு ஜன்னல் வழியாகவே அரசியல் பேசுகிற ஆள். நான் அவரை நானா என்பேன், அவர்கள் வழக்கத்தில் அண்ணன். நானாவுக்கு ஒரு நாள் காலையில் இடது பக்கம் இழுத்துவிட்டது. பேச்சு திரும்பியது. கால், தடி ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்தது. கைதான் மடியில் கிடந்தது. பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டும், விட்டால் கையும் காலும் அப்படியே இறுகிப்போகும் என்று சொல்லியிருந்தார்கள்.

தாத்தாவின் தம்பிக்காரர் நல்ல மனுசன். தன் வேனில் பின்சீட்டை மடக்கி, மெத்தை போட்டு, தலையணை அடுக்கி நானாவை ஏற்றிப் போவார். போகிற வழியில் ஒரு மருமகன் ஏறுவான், ஒரு மச்சான் ஏறுவார். முன்னால் இருந்து எல்லோரும் பேசுவார்கள். "மச்சான் காலை அசைச்சாரா?" "தாத்தா, அவர் குளிசை போட்டாரா?" பின்னால் படுத்திருக்கிறவரைப் பற்றிய பேச்சு அவர் தலைக்கு மேலாகவே போகும், வரும். சில தடவை போனார் நானா. ஒரு நாள் வாசலில் வேன் வந்து ஹோர்ன் அடித்தபோது, "மரக்கறி மூட்டை வரல்ல எண்டு செல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் வாசல் தாண்டவில்லை.

அதனால் தாத்தா கார் ஓட்டப் பழகினார். லைசென்ஸும் எடுத்தார். ஓட்டம் மோசமில்லை. கியர் மாற்றும்போது மட்டும், ஊசிக் காதைத் தேடுகிறவர் மாதிரி, கண் கீழே போய்விடும்.

"உங்களுக்கு ஓட்டோ கியர்தான் தாத்தா சரி. இந்தா, இந்தச் சின்னக் கார். கதவு அகலம், சீட் உயரம், நாலு பேர் தாராளமாப் போகலாம்."

"நாலு பேர் போகக் கூடாது."

"கூடாதா?"

"பின்சீட் ஈந்தா பின்னுக்குத்தான் ஏத்துவாங்க தம்பி. என்ட தம்பி ஏத்துவான், மருமகன் ஏத்துவான். ஒரு நாள் அவசரத்துல நானே ஏத்திருவன். பின்சீட் இல்லாத காரைக் காட்டுங்க. கியர் உள்ளதாக் காட்டுங்க."

"பின்சீட் இல்லாததுன்னா லொறி இருக்கு. இல்லாட்டி ஸ்போர்ட்ஸ் கார் இருக்கு."

"லொறி ஏற ஒசரம்" என்றார் கொஞ்சமும் யோசிக்காமல். "மத்ததைக் காட்டுங்க."

எங்கள் முதலாளி சிங்களவர், தமிழ் எங்களைவிட வேகமாகப் பேசுவார். உள்ளே கூப்பிட்டு, "என்ன கேக்குறா நோனா?" என்றார். மரியாதையான பெண்களெல்லாம் அவருக்கு நோனாதான். சொன்னேன். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இருபது வயசுப் பொடியன் கேப்பான், ரெட்டைக் கதவு. ரிட்டயர் ஆன தொர கேப்பார். சந்தைக்குப் போக, வைத்தியத்துக்குப் போகக் கேட்ட மொத ஆள் இவதான். காட்டு, காட்டு. பாக்கலாம்."

அன்றிலிருந்து கண்டி மாவட்டத்தில் விற்பனைக்கு நின்ற இரட்டை சீட் கார் எல்லாவற்றையும் நானும் தாத்தாவும் பார்த்தோம். நிறையவா இருக்கிறது? ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடு பட்டோம். மற்றவர்கள் காரைச் சுற்றி வந்து பெயின்ட் பார்ப்பார்கள், டயரை உதைப்பார்கள், பொனட்டைத் தூக்குவார்கள். தாத்தா நேரே இடது பக்கக் கதவைத் திறப்பார். இடது காலைத் தடி மாதிரி விறைப்பாக்கிக்கொள்வார். இடது கையை மடியில் வைத்துக்கொள்வார். அப்படியே ஏறிக் குந்துவார். பிறகு வலது கையை நீட்டி கியர் கம்பைத் தொட்டுப் பார்ப்பார்.

"தாத்தா, ஓட்டுறவங்க சீட் அந்தப் பக்கம்" என்று முதல் நாள் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

குண்டசாலையில் ஒரு மஞ்சள் கார். கம்பு எட்டவில்லை. வேண்டாம். அணிவத்தையில் ஒரு கறுப்புக் கார். புகைக்குழாயை மாற்றி வைத்திருந்தான் பையன், ஸ்டார்ட் பண்ணியதும் பக்கத்து வீட்டு நாய்கள் மூன்று ஒரே நேரத்தில் அழுதன. "இதை சுபஹு தொழுகை நேரத்துல ஸ்டாட் பண்ணினா பாங்கு யாருக்கும் கேக்காது" என்று கதவைச் சாத்திவிட்டார். இன்னொன்றில் ஏறினவருக்கு இறங்க முடியவில்லை. நான் இழுக்க, விற்கிற மனுசன் இழுக்க, அவர் உள்ளே இருந்துகொண்டே, "இழுக்க ரெண்டு பேர் வேணுமெண்டா அது கார் இல்ல தம்பி, கெணறு" என்றார்.

முதலாளி கேட்டார், "அந்த நோனா கார் வாங்கப் போறாவா, குந்திப் பாத்தே காலத்தைப் போக்கப் போறாவா?"

கடைசியாக ஒரு சிவப்புக் கார் வந்தது. ஜப்பான் கார், கொஞ்சம் வயசானது, ஆனால் அத்தர் பூசின மாதிரி இருந்தது. பேராதனைப் பக்கம் இருந்த ஓர் இளம் டொக்டருடையது. குடும்பத்தோடு வெளிநாடு போகிறார், மனமில்லாமல் விற்கிறார். தாத்தா இடது பக்கம் ஏறினார், குந்தினார், கையை நீட்டினார். கம்பு கைக்குள் வந்து இருந்தது. குட்டையான கம்பு, உருண்டைத் தலை. அதை அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் உற்சாகமாகிவிட்டார். "அக்கா, பல்லேகலப் பக்கம் ஒரு ரவுண்ட் போவோமா? வேகம் பாத்தீங்கன்னா ஆச்சரியப்படுவீங்க."

"எவ்வளவு மெதுவாப் போகும்?"

"மெதுவாவா?"

"பள்ளிக்கூட நேரம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துல ஊரணும் டொக்டர். ஊரக்குள்ள சூடாகுமா?"

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். "நான் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வெளியில எடுக்கிறது" என்றார் அவர். "மத்த நாள் மூடி வச்சிருப்பேன்."

"ஞாயித்துக்கிழமை எல்லாக் காரும் ஓடும்" என்றார் தாத்தா. "திங்கட்கிழமை காலையில ஊட்டுக்குக் கொண்டு வாங்க. மழை பெஞ்சா இன்னும் நல்லம்."

திங்கட்கிழமை மழை பெய்தது. டொக்டர் காரோடு வந்தார், நான் மோட்டார் சைக்கிளில் வந்தேன். மடவளையில் தாத்தா வீட்டுக்குப் போகிற ஒழுங்கை ஒடுங்கின சந்து, செங்குத்து. வாசலில் ஒரு குறுக்கு வடிகால். கார் அதைத் தாண்டும்போது அடிவயிறு சிமெந்தில் உரசி ஒரு சத்தம் வந்தது. டொக்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். தம்பிக்காரர் ஏற்கெனவே குடையோடு வந்து நின்றார். இப்படியொரு சத்தத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார் போல.

"நான் அண்டைக்கே செல்லல்லியா தாத்தா? இது ரேஸ் ஓடுற சாமான். மச்சானுக்கு வேன்தான் சரி."

"சட்டை பிடிச்சா பிரிச்சித் தைக்கிறதுதானே" என்றார் தாத்தா. "வடிகாலுக்கு மேல நாளைக்குக் கொங்கிரீட் போடலாம். நீங்கதான் போட்டுத் தரணும்." தம்பிக்காரர் குனிந்து வடிகாலின் அகலம் பார்த்தார்.

தாத்தா இடது பக்கக் கதவைத் திறந்து, கையில் கொண்டுவந்த எதையோ சீட்டில் விரித்தார். பார்த்தால் பளபளவென்று சாட்டின் துணி, கலியாணப் பெண்ணுக்குத் தைத்ததில் மிச்சம். அதில் சீட்டின் அளவுக்கே ஓர் உறை தைத்திருந்தார். "குந்திட்டுத் திரும்பினா உடம்பு தானா வழுக்கி உள்ளுக்குப் போகும்" என்று விளக்கினார்.

எல்லாம் சரி, குந்த வேண்டியவர் வரவேண்டுமே.

நானா உள்ளறைக் கதிரையில் இருந்தார். தம்பிக்காரர் போய்க் கூப்பிட்டார். நானா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். டொக்டர் போய் மரியாதையாகக் கூப்பிட்டார். "உங்கட காரைப் பாத்துக்கொண்டு போங்க டொக்டர், நல்ல கார்" என்ற பதில் வந்தது. என்னைப் போகச் சொன்னார்கள். போனேன். என் முகத்தைப் பார்த்ததும், "நீயுமா?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

தாத்தா கூப்பிடவே இல்லை. டொக்டரிடம் சாவியை வாங்கி, ஓட்டுகிற சீட்டில் ஏறி, ஸ்டார்ட் பண்ணினார். ஜன்னல்கள் திறந்திருந்த வீட்டுக்கு முன்னால் காரைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார், முன்னால் எடுத்தார். முதல் தடவை கியர் 'கறக்' என்றது. டொக்டரின் தோள் குலுங்கியது. இரண்டாவது தடவை 'கறக்க்க்' என்று நீளமாக இழுத்தது. டொக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது தடவை வந்த சத்தத்தை எழுத எழுத்தில்லை.

"கிளச்சை மிதி புள்ள!" உள்ளேயிருந்து ஒரு குரல். பஸ் ஓட்டின தொண்டை. மழையையும் தாண்டி வந்தது.

"மிதிச்சித்தான் ஈக்கிறன்" என்றார் தாத்தா அங்கிருந்தே.

"பாதி மிதிச்சிட்டு மிதிச்சன் எண்டு செல்லாத!"

மறுபடியும் 'கறக்'. லைசென்ஸ் எடுத்த மனுசி. இவ்வளவு மோசமாக அவர் கியர் போட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. 

தடிச் சத்தம் கேட்டது. நானா வாசலில் வந்து நின்றார். மீசையை முறுக்கவில்லை, சாரனைக்கூட ஒழுங்காக இறுக்கவில்லை. அவ்வளவு அவசரம். மழையில் இரண்டு அடி வைத்து, காரை மேலும் கீழும் பார்த்து, "இதுல எங்க பின்சீட்?" என்றார்.

"இல்ல" என்றார் தாத்தா.

 தம்பிக்காரர் கதவைத் திறந்து குடையைப் பிடித்தார். நான் கையை நீட்டினேன், நானா பிடிக்கவில்லை. தடியைக் கதவில் சாத்திவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி, சீட்டில் குந்தினார். சாட்டின் ஒரே வழுக்கில் உள்ளே கொண்டுபோனது. மடங்காத காலைத் தாத்தா இறங்கி வந்து குனிந்து எடுத்து வைத்தார். பெல்ட்டை மாட்டி, கதவைச் சாத்தினார்.

தாத்தா திரும்பி ஏறி, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தார். கிளச்சை மிதித்தார். பிறகு ஒன்றும் செய்யவில்லை.

"கியரைப் போடன் புள்ள."

"ஏலாது. எறக்கம். மழை வேற. எனக்குக் கையெடுக்கப் பயம். நீங்க போடுங்க."

இத்தனை காலமும் பஸ்ஸில் இடது கையால் கியர் போட்டவர் அவர். அந்த இடது கை மடியில் கிடந்தது. இப்போது இருக்கிற சீட்டில், கம்பு வலது கைப் பக்கம் இருந்தது. நானா அந்தக் கம்பைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார். தாத்தா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பு எட்டுகிறதா, எட்டுகிறதா என்று ஊர் ஊராகப் போய் அவர் எதைப் பார்த்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நானாவின் வலது கை எழும்பிக் கம்பில் உட்கார்ந்தது. முதலாம் கியர் வெண்ணெயில் கத்தி போவது மாதிரி விழுந்தது.

"விடு மெதுவா" என்றார். கார் ஒழுங்கையில் இறங்கியது.

எனக்கும் டொக்டருக்கும் ஒரே நேரத்தில்தான் உறைத்தது, காரோடு போனவர்கள் இன்னும் காரை வாங்கவில்லை என்று. டொக்டர் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினார். தன் சொந்தக் காரைத் துரத்திக்கொண்டு, இன்னொருவன் முதுகைப் பிடித்தபடி நனைகிறோமே என்ற கவலை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. "இப்ப ரெண்டாவது... இப்ப மூணாவது... அடடா" என்று என் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வழக்கம் போல எல்லாம் நின்றது. ஸ்கூல் வேன், பஸ், த்ரீவீல், நடுவில் சிவப்புக் கார். ஒதுங்கி ஒதுங்கி அதன் பக்கத்தில் போய் நின்றோம். கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே பெரிய சண்டை.

"ஊரக்குள்ள ஏன் மூணாவதைப் போட்டீங்க? அதான் நிண்டிட்டு."

"நீ மிதிக்காம நான் எப்படிப் போடுறது? கையால கம்பைப் போடுறன், காலையும் நானே கொண்டு வரணுமா?"

பின்னால் ஹோர்ன். பக்கத்துப் பஸ்ஸின் டிரைவர் ஜன்னலால் எட்டிப் பார்த்து, சிங்களத்தில் நானாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். நானா கம்பிலிருந்து கையை எடுத்து ஒரு சலாம் வைத்தார், பஸ்ஸைக் காட்டி ஏதோ கெட்ட வார்த்தையும் சொன்னார். அந்த டிரைவர் சந்தோஷத்தில் தன் ஹோர்னையே அமுக்கிப் பிடித்தார்.

டொக்டர் என் தோளுக்கு மேலாகக் குனிந்து, "எப்படி அக்கா, கார்?" என்று கேட்டார்.

பதில் மறு சீட்டிலிருந்து வந்தது. "கார் நல்லம் டொக்டர். டிரைவர்தான் சரியில்ல."

தாத்தா சூட்டு முள்ளைக் குனிந்து பார்த்தார். அது ஏறவில்லை. "எடுக்கிறம்" என்றார்.

அப்படியே பேராதனைக்குப் போய்விட்டார்கள், பயிற்சிக்கு. டொக்டரை நான்தான் வீட்டில் இறக்கினேன்.

ஒரு பிழையை மட்டும் சொல்லிவிட வேண்டும், தாத்தாவுக்கே அதைச் சொல்லிச் சிரிப்பதில் பிரியம். அந்தச் சாட்டின் உறை ஏறுவதற்கு நல்லது, இருப்பதற்குப் படுமோசம். வருகிற வழியில் ஹல்ஒலுவ வளைவு ஒவ்வொன்றிலும் நானா பெல்ட்டோடு வழுக்கித் தாத்தாவின் தோளில் வந்து விழுந்திருக்கிறார். "குந்திப் பாத்தன் தம்பி, வளைஞ்சி பாக்கல்ல" என்றார். மறுநாள் கதவுப் பக்கம் சாட்டினும் உள்பக்கம் வெல்வட்டுமாகப் பிரித்துத் தைத்தார்.

நான் இப்போது கார் சேலில் இல்லை. அதே ரோட்டில் உதிரிப்பாகக் கடை ஒன்றில் நிற்கிறேன். சிவப்புக் கார் காலையில் அந்த வழியாகப் போகும், ஏற்றத்தில் கியர் மாறும். நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லை, காதால் கேட்டாலே போதும். கியர் சத்தமில்லாமல் விழுந்தால் வீட்டில் எல்லாம் சுகம். 'கறக்' என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சண்டை, நானா கம்பிலிருந்து கையை எடுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போகிறார் என்று அர்த்தம்.

நேற்றுக் காலை 'கறக்' என்றது. பின்னேரம் திரும்பி வரும்போது சத்தமே இல்லை.